ஹைட்ரஜனே இல்லாத பீங்கான் புரோட்டானைக் கடத்துவது எப்படி?

முதுகலை வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் நான்கு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். ஹைட்ரஜன் அணுவே இல்லாத ஓர் ஆக்சைடு எப்படிப் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜனின் கருவை, கடத்துகிறது? புரோட்டானைக் கடத்தும் நாஃபியான் என்ற நெகிழிச் சவ்வும், ஆக்சிஜன் அயனியைக் கடத்தும் சிர்கோனியா பீங்கானும் ஏற்கெனவே இருக்கும்போது, எரிபொருளை எரிக்காமலே மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலத்துக்கு இந்த மூன்றாவது வகை எதற்கு? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ச்சி நடந்தும் இது ஏன் விற்பனைக்கு வரவில்லை? கடைசியாக, அவருடைய கல்லூரி உலை 1400 டிகிரி செல்சியஸ் வரைதான் போகுமாம். அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

முதல் கேள்விக்கு ஒழுங்காக விடை தெரிந்துவிட்டால் மற்ற மூன்றும் பாதி தீர்ந்துவிடும். அதனால் அதில் சற்று நேரம் நிற்கிறேன்.

பேரியம் சிர்கோனேட்டை எடுத்துக்கொள்வோம். பெரோவ்ஸ்கைட் அமைப்பு: ஒவ்வொரு சிர்கோனியம் அயனியையும் சுற்றி ஆறு ஆக்சிஜன் அயனிகள், இடைவெளிகளில் பேரியம். தூய நிலையில் இது எதையும் உருப்படியாகக் கடத்தாது. இப்போது சிர்கோனியத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இட்ரியத்தை வைக்கிறோம். சிர்கோனியத்துக்கு நான்கு நேர்மின் சுமை, இட்ரியத்துக்கு மூன்று. குறைந்த சுமையை ஈடுகட்ட, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் என்ற கணக்கில் படிகம் தன் ஆக்சிஜனை இழக்கிறது. அந்த இடங்கள் காலியாக நிற்கின்றன. இதுவரை நடந்தது சிர்கோனியா மின்பகுளியில் (கலத்தின் நடுவில் அயனிகளை மட்டும் கடத்தும் அடுக்கில்) நடப்பதேதான்.

வேறுபாடு நீராவி வந்த பிறகு தொடங்குகிறது. சூடான பீங்கானின் மேல் நீராவி படும்போது, நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் படிகத்தின் காலியிடத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. அதனுடன் வந்த இரண்டு புரோட்டான்களில் ஒன்று அதே ஆக்சிஜனோடு இருக்கிறது. மற்றொன்று பக்கத்து ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஒரு காலியிடம் நிரம்பி, இரண்டு ஹைட்ராக்சைடு அலகுகள் பிறந்துவிட்டன. பீங்கானுக்குள் இருக்கும் புரோட்டான்கள் இப்படி வெளியிலிருந்து வந்தவை. ஈரமற்ற சூழலில் சுட்டு, ஈரமற்ற காற்றிலேயே அளந்தால் இந்தப் பொருளில் கடத்துவதற்குப் புரோட்டானே இருக்காது.

எவ்வளவு நீர் உள்ளே போகும் என்பதை ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். இட்ரியம் 20 சதவீதம் என்றால் ஒரு வாய்பாட்டு அலகுக்கு 0.1 காலியிடம், எல்லாம் நிரம்பினால் ஒரு மோலுக்கு 0.1 மோல் நீர், அதாவது 1.8 கிராம். பொருளின் மோலார் நிறை ஏறத்தாழ 274.5 கிராம். ஆக, ஒரு கிராம் தூள் அதிகபட்சம் 6.6 மில்லிகிராம் எடை கூடும். ஒரு நல்ல வெப்ப எடைப் பகுப்பாய்வுக் கருவி இதை எளிதாகக் காட்டிவிடும். நீங்கள் தயாரித்த தூளை ஈரமான வாயுவில் மெல்லக் குளிரவிட்டும் எடை கூடவில்லை என்றால், இட்ரியம் சிர்கோனியத்தின் இடத்தில் போய் அமரவில்லை என்று சந்தேகிக்கத் தொடங்கலாம்.

உள்ளே வந்த புரோட்டான் எப்படி நகர்கிறது? தன் ஆக்சிஜனிலிருந்து சுமார் ஓர் ஆங்ஸ்ட்ராம் தொலைவில், அதன் எலெக்ட்ரான் மேகத்துக்குள் புதைந்தபடி அது இருக்கிறது. அந்த ஆக்சிஜனைச் சுற்றிச் சுழல்வது அதற்கு எளிது. அடுத்த ஆக்சிஜனுக்குத் தாவுவதுதான் கடினம். படிகம் வெப்பத்தில் அதிரும்போது இரண்டு ஆக்சிஜன்கள் ஒரு கணம் வழக்கத்தைவிட நெருங்கி வரும்; அந்தக் கணத்தில் புரோட்டான் மாறிவிடும். பிறகு மீண்டும் சுழற்சி, மீண்டும் தாவல். ஆக்சிஜன் அயனிகள் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. புரோட்டான் மட்டும்தான் பயணி. நீரில் புரோட்டான் இப்படிக் கைமாறிச் செல்வதற்கான விளக்கத்தின் வேர் 1806-இல் தியோடர் குரோத்தஸ் வெளியிட்ட கருத்தில் இருக்கிறது. அதனால்தான் இன்றும் இந்த நகர்வு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தத் தாவலுக்கான கிளர்வு ஆற்றல், அதாவது தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, 0.4 முதல் 0.5 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கிறது. சிர்கோனியாவில் முழு ஆக்சிஜன் அயனியே நகர வேண்டும். அதற்கு ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் வேண்டும். வெப்பநிலையைக் குறைக்கும்போது சிர்கோனியாவின் கடத்துதிறன் மளமளவென்று சரிவதும், புரோட்டான் பீங்கான் தாக்குப்பிடிப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

ஆனால் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனால் புரோட்டான் பீங்கானுக்கும் ஓர் எல்லை வருகிறது. நீர் உள்ளே போகும் வினை வெப்பம் உமிழ்வது. எனவே வெப்பநிலை கூடக் கூட நீர் வெளியேறப் பார்க்கும். புரோட்டானின் வேகம் ஏறும், எண்ணிக்கை இறங்கும். பேரியம் சிர்கோனேட் வகையில் 600, 700 டிகிரியைத் தாண்டும்போது எண்ணிக்கைக் குறைவு மேலோங்கத் தொடங்குகிறது. இந்தக் கலங்களை 400 முதல் 600 டிகிரிக்குள் இயக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

இனி இரண்டாவது கேள்வி. நாஃபியான் சவ்வுக் கலம் சுமார் 80 டிகிரியில் இயங்குகிறது. சவ்வு காய்ந்தால் கடத்தாது. ஆகவே நூறு டிகிரிக்கு மேல் கொண்டுபோவது தொல்லை. அவ்வளவு குறைந்த வெப்பத்தில் வினை நடக்கப் பிளாட்டினம் வேண்டும். அந்தப் பிளாட்டினத்தைக் கார்பன் மோனாக்சைடு மில்லியனில் பத்துப் பங்கு அளவிலேயே முடக்கிவிடும். எனவே ஹைட்ரஜன் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். காருக்கு இது பொருந்துகிறது. டொயோட்டா 2014 முதல் மிராய் காரில் விற்கிறது. சிர்கோனியாக் கலம் மறுமுனை. 700 முதல் 850 டிகிரி வரை போகும். நிக்கலே போதும், இயற்கை எரிவாயுவையும் தின்னும். திருச்சியில் பொறியியல் படித்த கே.ஆர். ஸ்ரீதர் அமெரிக்காவில் தொடங்கிய புளூம் எனர்ஜி நிறுவனத்தின் பெட்டிகள் இந்த வகைதான். அந்தச் சூட்டில் உலோக இணைப்புகள் அரிக்கின்றன, அடைப்புக் கண்ணாடி தளர்கிறது, இயக்கி நிறுத்தவே பல மணி நேரம் ஆகிறது.

புரோட்டான் பீங்கான் இவ்விரண்டுக்கும் நடுவில் வருகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: உருவாகும் நீர் எந்தப் பக்கம் விழுகிறது என்பது.

சிர்கோனியாவில் ஆக்சிஜன் அயனி காற்றுப் பக்கத்திலிருந்து எரிபொருள் பக்கத்துக்கு வருகிறது; நீர் எரிபொருளுக்குள்ளேயே உருவாகிறது. உள்ளே விட்ட ஹைட்ரஜனில் 85 சதவீதத்தைப் பயன்படுத்திவிட்டால், வெளியேறும் இடத்தில் எஞ்சும் வாயுவில் 85 பங்கு நீராவி, 15 பங்குதான் ஹைட்ரஜன். கலத்தின் கடைசிப் பகுதி இந்த நீர்த்த வாயுவில்தான் வேலை செய்ய வேண்டும். மின்னழுத்தம் விழும், நிக்கல் ஆக்சைடாகும் ஆபத்தும் வரும். புரோட்டான் பீங்கானிலோ ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானை வெளிச் சுற்றுக்குக் கொடுத்துவிட்டு, புரோட்டானாகப் பீங்கானைக் கடந்து, காற்றுப் பக்கத்தில் ஆக்சிஜனைச் சந்தித்து அங்கே நீராகிறது. எரிபொருள் நீர்த்துப்போவதில்லை. கடைசிவரை எரிபொருளைப் பிழிந்தெடுக்கலாம்.

அம்மோனியாவைப் பாருங்கள். 500, 600 டிகிரியில் நிக்கல் அதை நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரித்துவிடும். ஹைட்ரஜன் கடந்து போய்விடும். நைட்ரஜன் அப்படியே வெளியேறும். ஆக்சிஜன் அயனி எரிபொருள் பக்கம் வராததால் நைட்ரஜன் ஆக்சைடுகள் அங்கே உருவாக வழியில்லை. கலத்தைத் திருப்பி இயக்கி நீராவியைப் பிளந்தாலும் இதே வசதி: ஹைட்ரஜன் நீராவி கலக்காமல் தனிப் பக்கத்தில் கிடைக்கும். நார்வேயின் கூர்ஸ்டெக் மெம்பிரேன் சயன்சஸ் குழு இதே வகைப் பீங்கானைக் கொண்டு அம்மோனியா, மீத்தேன், சாண எரிவாயு வகைகளிலிருந்து ஒரே படியில் ஹைட்ரஜனைப் பிரித்து எடுத்ததை 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. நீர்ப் பக்கம் மாறியதன் பலன்கள் இவை.

மீத்தேன் விஷயத்தில் மட்டும் ஒரு விலை உண்டு, அதைப் பலர் எழுதுவதில்லை. மீத்தேனின் கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும். சிர்கோனியாவில் அது மின்பகுளி வழியாகத் தானே வந்து சேரும். இங்கே வராது, எரிபொருளோடு நீராவியை நாமே கொடுத்தாக வேண்டும். கலம் உண்டாக்கும் நீரோ காற்றோடு கலந்து மறுபக்கம் போய்விட்டது. அதை மீட்டு எரிபொருள் பக்கம் திருப்பும் அமைப்பு தனிச் செலவு.

இந்தத் துறையின் தொடக்கம் ஜப்பானில். 1981-இல் ஹிரோயாசு இவஹாராவும் உடன் பணியாற்றியவர்களும் ஸ்ட்ரான்சியம் சீரேட்டில் இட்டெர்பியம் போன்ற அரிய மண் தனிமங்களைச் சிறிதளவு கலந்து, உயர் வெப்பத்தில் நீராவி, ஹைட்ரஜன் சூழலில் அது புரோட்டானைக் கடத்துவதைக் காட்டினார்கள். நீராவியைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பதே அவர்களின் முதல் நோக்கம். பின்னர் பேரியம் சீரேட்டில் கடத்துதிறன் இன்னும் கூடுதல் என்று தெரிந்தது. இதற்கிடையில் ஒரு சுவையான கிளை: இந்தியம் கலந்த கால்சியம் சிர்கோனேட், உருக்கிய அலுமினியத்தில் கரைந்துள்ள ஹைட்ரஜனை அளக்கும் உணரியாக ஜப்பானில் விற்பனைக்கே வந்துவிட்டது. அலுமினியம் உறையும்போது ஹைட்ரஜன் வெளியேறி வார்ப்பில் துளைகளை விடும். அதனால் வார்ப்பாலைகளுக்கு அந்த அளவீடு வேண்டும். கடத்துதிறன் குறைவாக இருந்தாலும் உறுதியாக நிற்கும் பொருள் அங்கே போதும். எரிபொருள் மின்கலத்துக்கு அது போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதில்தான் மூன்றாவது கேள்வியின் விடை இருக்கிறது. நீரை நன்றாக ஈர்க்கும் ஆக்சைடு காரத்தன்மை மிகுந்ததாக இருக்க வேண்டும். பேரியம் சீரேட் அப்படிப்பட்டது. நீரைப் பேரியம் சிர்கோனேட்டைவிட இறுகப் பிடித்துவைக்கும். ஆனால் காரத்தன்மை மிகுந்த பொருள் அமிலத்தன்மை கொண்ட கார்பன் டை ஆக்சைடையும் விடாது. இரண்டும் சேர்ந்து பேரியம் கார்பனேட்டாகவும் சீரியம் ஆக்சைடாகவும் உடைந்துபோகும். மிகுந்த நீராவியில் பேரியம் ஹைட்ராக்சைடாகவும் சிதையும். எந்தக் குணம் புரோட்டானைத் தருகிறதோ அதுவே பொருளையும் கொல்கிறது. பேரியம் சிர்கோனேட் இந்தத் தாக்குதலைப் பெரும்பாலும் தாங்கும். அதன் சிக்கல் வேறு: அதை அடர்த்தியான தகடாகச் சுட்டு எடுப்பது பெரும்பாடு.

அது எவ்வளவு பெரும்பாடு என்பது ஒரு வில்லையை (தூளை அழுத்திச் செய்த சிறு வட்டை) சுட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாதாரண வழியில் 1600 முதல் 1700 டிகிரி வரை பல மணி நேரம் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் பேரியம் ஆக்சைடு ஆவியாகி வில்லையின் மேற்பரப்பிலிருந்து வெளியேறும். பேரியம் குறைந்த இடத்தில் இட்ரியம் இடம் மாறி அமரும், கடத்துதிறன் விழும். அதனால் வில்லையை அதே பொருளின் தூளுக்குள் புதைத்து, தூளில் கொஞ்சம் பேரியம் கார்பனேட்டைக் கூடுதலாகக் கலந்து சுடுவார்கள். ஆவி தூளிலிருந்து எழட்டும், வில்லையின் பேரியம் அதனுள்ளேயே இருக்கட்டும் என்பதற்காக. அலுமினா மூசையில் நேரடியாக வைத்தாலோ பேரியம் அலுமினாவோடு வினைபுரிந்து வில்லை அடியில் ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு வெளியே வரும் வில்லையை உடைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், மணிகள், அதாவது பீங்கானை ஆக்கும் நுண்படிகங்கள், ஒரு மைக்ரானுக்கும் குறைவாக, பொடிப்பொடியாக இருக்கும்.

மணிகள் சிறிதாக இருந்தால் என்ன கெட்டுவிட்டது? மணிக்குள் புரோட்டான் தாராளமாக ஓடுகிறது. இரண்டு மணிகள் சந்திக்கும் எல்லையில் நேர்மின் சுமை தேங்கி நிற்கிறது. அது நேர்மின் சுமை கொண்ட புரோட்டானை விலக்குகிறது. எல்லையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் புரோட்டானே அருகிப்போகிறது. மணி சிறிதானால் தகட்டைக் கடக்கும் வழியில் இத்தகைய எல்லைகள் அதிகம். குற்றவாளி எல்லைதான் என்பதை 2010-இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு பட்டவர்த்தனமாகக் காட்டியது. லேசர் துடிப்புகளால் படியவைத்த, மணி எல்லையே இல்லாத இட்ரியம் கலந்த பேரியம் சிர்கோனேட் படலத்தில் 500 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 0.11 சீமென்ஸ் கடத்துதிறன் கிடைத்தது. வழக்கமாகச் சுட்ட வில்லைகள் அதன் பக்கத்தில்கூட வருவதில்லை.

சீரேட்டையும் சிர்கோனேட்டையும் கலந்தால் என்ன என்ற யோசனை இயல்பாகவே எழுந்தது. 2009-இல் ஜார்ஜியா டெக் நிறுவனத்தின் மெய்லின் லியூ குழு, சிர்கோனியம் ஒரு பங்கு, சீரியம் ஏழு பங்கு, இட்ரியமும் இட்டெர்பியமும் தலா ஒரு பங்கு என்ற கலவையைச் சயன்ஸ் இதழில் அறிமுகப்படுத்தியது. கடத்துதிறன் உயர்ந்தது; எரிபொருளில் உள்ள கந்தகத்தையும் நிக்கல் மேல் கரி படிவதையும் மின்முனை தாங்கியது. இன்றைக்கும் ஒப்பீட்டுக்கு எல்லோரும் எடுக்கும் பொருள் இதுதான். ஆனால் அதில் ஏழு பங்கு சீரியம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு நிறைந்த வாயுவில் நீண்ட காலம் வைத்தால் பழைய வியாதி எட்டிப்பார்க்கும். நீண்ட ஆயுள் வேண்டும் என்றால் சிர்கோனியப் பங்கைக் கூட்டியே தீர வேண்டும் என்பது என் கணிப்பு.

சுடும் சிக்கலுக்கு வழி காட்டியது கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ். முதலில் தூளைத் தயாரித்து, பிறகு அரைத்து, பிறகு சுடுவது என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, பேரியம் கார்பனேட், சிர்கோனியா, இட்ரியா ஆகிய மூலப்பொருள்களை நிக்கல் ஆக்சைடோடு கலந்து நேரே வார்த்து ஒரே சூட்டில் வினையையும் அடர்த்தியையும் முடித்தார்கள். நிக்கல், பேரியம், இட்ரியம் சேர்ந்த ஓர் இடைநிலைச் சேர்மம் உருவாகி மணிகளைப் பெரிதாக வளர உதவுகிறது. 1400 டிகிரி அளவிலேயே அடர்த்தியான தகடு கிடைத்துவிடும். ரையான் ஓஹெய்ர் குழுவினர் 2015-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கலம் 500 டிகிரியில் ஹைட்ரஜனைக் கொண்டு சதுர சென்டிமீட்டருக்கு 455 மில்லிவாட்டும், மீத்தேனைக் கொண்டு 142 மில்லிவாட்டும் தந்தது. மீத்தேனில் 1400 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இந்தத் துறையை மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவைத்த ஆய்வுத்தாள் அது. நிக்கலுக்கும் ஒரு கைவரிசை உண்டு: சுடும்போது மின்பகுளிக்குள் கொஞ்சம் ஊடுருவிக் கடத்துதிறனைச் சற்றே குறைக்கும். ஆனாலும் இந்தப் பேரம் லாபமானதே.

தகடு எவ்வளவு மெல்லியதாக இருந்தால் போதும் என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லும். கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.01 சீமென்ஸ், தடிமன் 10 மைக்ரான் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கான மின்தடை 0.1 ஓம். சதுர சென்டிமீட்டருக்கு அரை ஆம்பியர் ஓடும்போது இழப்பு வெறும் 50 மில்லிவோல்ட். ஆகவே நிக்கலும் பீங்கானும் கலந்த நுண்துளைத் தாங்கியின் மேல் 10, 20 மைக்ரான் படலமாக மின்பகுளியைப் படியவைத்தால் கடத்துதிறன் இன்று பெரிய தடையே அல்ல. எங்கள் பொருளின் கடத்துதிறன் முந்தையதைவிட இத்தனை சதவீதம் கூடுதல் என்று மட்டும் பேசும் தாள்களை நான் அவசரமாகப் புரட்டிவிடுவதற்கு இதுவே காரணம். மீதமிருக்கும் தடைகள் இரண்டு, அவை வேறு இடத்தில் இருக்கின்றன.

ஒன்று காற்றுப் பக்க மின்முனை. அங்கே ஆக்சிஜன் பிளக்க வேண்டும், புரோட்டான் வர வேண்டும், எலெக்ட்ரான் வர வேண்டும், உண்டான நீர் வெளியேறவும் வேண்டும். சிர்கோனியாக் கலத்துக்காக உருவாக்கிய மின்முனைகளில் புரோட்டான் மின்பகுளியின் விளிம்போடு நின்றுவிடும்; வினை நடக்கும் பரப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும். புரோட்டான், ஆக்சைடு அயனி, மின்துளை (எலெக்ட்ரான் இல்லாத இடம், நேர்மின் சுமைபோல் நகர்வது) மூன்றையும் கடத்தும் பொருள் வேண்டும். கொலராடோ குழு பயன்படுத்திய பேரியம், கோபால்ட், இரும்பு, சிர்கோனியம், இட்ரியம் கலந்த பெரோவ்ஸ்கைட் அப்படிப்பட்டது. 500 டிகிரிக்குக் கீழே போகப் போக மொத்த இழப்பில் பெரும்பங்கு இந்த மின்முனையிலேயே நிகழ்கிறது.

மற்றொன்று கசிவு. மின்பகுளி எலெக்ட்ரானைக் கடத்தக் கூடாது. ஆனால் இந்தப் பீங்கான்கள் ஆக்சிஜன் மிகுந்த சூழலில் மின்துளைகளை உருவாக்கிக்கொள்கின்றன. மீண்டும் அந்தக் காலியிடங்கள்தான் காரணம்: நீர் வந்து நிரப்பாத காலியிடத்தில் காற்றின் ஆக்சிஜன் அமர்ந்து, இரண்டு மின்துளைகளை விட்டுவிடுகிறது. நீருக்கும் ஆக்சிஜனுக்கும் அந்த இடத்துக்காகப் போட்டி. ஈரம் கூடினால் புரோட்டான் வெல்லும், வெப்பம் கூடினால் மின்துளை வெல்லும். வெளிச் சுற்றுக்கு வர வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி தகட்டுக்குள்ளேயே கசிந்து வீணாகிறது. எரிபொருள் எரிந்துவிடும், மின்சாரம் வராது. மின்னோட்டம் எடுக்காதபோது இருக்கும் திறந்த சுற்று மின்னழுத்தம் 1.1 வோல்ட் அளவில் இருக்க வேண்டியது, 0.95 வோல்ட்டில் நின்றால் இந்தக் கசிவையோ நுண்விரிசலையோ சந்தேகியுங்கள். மெல்லிய தகடு மின்தடையைக் குறைக்கும், கசிவைக் கூட்டும். கலத்தைத் திருப்பி மின்பகுப்பாக இயக்கும்போது இது இன்னும் கடுமை, ஏனென்றால் அப்போது காற்றுப் பக்கம் மேலும் ஆக்சிஜனேற்றச் சூழலாகிறது. கொடுத்த மின்னோட்டத்தில் எத்தனை பங்கு உண்மையிலேயே ஹைட்ரஜனாகிறது என்பதைச் சொல்லாமல் மின்னோட்ட அடர்த்தியை மட்டும் பெருமையாகச் சொல்லும் தாள்கள் நிறைய வருகின்றன. அந்த ஓர் எண்ணைத் தேடுங்கள். அது இல்லையென்றால் தாளின் மதிப்பு பாதி.

விற்பனைக்கு வராததற்கு இவற்றோடு நடைமுறைக் காரணங்களும் உண்டு. பொத்தான் அளவுக் கலத்தில் கிடைக்கும் எண்கள் உள்ளங்கை அகலத் தகட்டில் கிடைப்பதில்லை. நீர் உள்ளே போகும்போது பீங்கான் சற்றே விரிகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. பெரிய மெல்லிய தகடு ஒவ்வொரு முறை இயக்கி நிறுத்தும்போதும் இந்த இழுவையைத் தாங்க வேண்டும். சிர்கோனியாவைவிட இந்தப் பீங்கான் வலிமை குறைந்தது. போட்டியாளரும் சும்மா இருக்கவில்லை. சிர்கோனியாக் கலங்கள் பல்லாண்டுத் தொழிற்சாலை அனுபவத்தோடு முன்னே ஓடிக்கொண்டிருக்கின்றன. மூலப்பொருளை நான் பெரிய தடையாகக் கருதவில்லை. சிர்கானும், சீரியம் அடங்கிய மோனசைட்டும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கின்றன. பேரியத்தின் தாதுவான பேரைட்டு ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் மலைபோல் கிடக்கிறது.

பீங்கான் ஆக்சைடுகளைத் தவிர இன்னொரு திட மின்பகுளிக் குடும்பத்தையும் ஒரு வரியாவது சொல்ல வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் சொசினா ஹெய்லி 2001-இல் சீசியம் ஹைட்ரஜன் சல்பேட்டையும், 2004-இல் சீசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டையும் கொண்டு கலங்களைச் செய்துகாட்டினார். பிந்தையது சுமார் 230 டிகிரியில் அமைப்பு மாறிப் புரோட்டானைப் பிரமாதமாகக் கடத்தும். ஆனால் நீரில் கரையும் உப்பு அது. கலம் அணைந்து குளிரும்போது உள்ளே நீர் திரண்டால் கதை முடிந்தது. இந்த உப்புகளுக்கும் பீங்கான்களுக்கும் நடுவில் உறுதியான நல்ல கடத்தி இல்லாத வெப்பநிலை இடைவெளி ஒன்று இருப்பதை ஓஸ்லோவின் ட்ரூல்ஸ் நார்பி 1999-இல் சுட்டிக்காட்டினார்; அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் இப்போதுதான் வெளிச்சம் தெரிகிறது. இட்ரியம் போன்ற கலப்பு அயனிகள் புரோட்டானைத் தம் பக்கத்தில் பிடித்துவைத்துக்கொள்வது பழைய தொல்லை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக யமசாகி குழு 2025-இல் பேரியம் ஸ்டான்னேட்டிலும் பேரியம் டைட்டனேட்டிலும் ஸ்காண்டியத்தை மிக அதிக அளவில் கலந்து, ஸ்காண்டியங்களே தொடர்ந்த பாதையாகிவிடும்படி செய்தது. பிடித்துவைக்க எந்த இடமும் தனித்து நிற்காததால் 300 டிகிரியிலேயே சென்டிமீட்டருக்கு 0.01 சீமென்ஸ் கிடைத்திருக்கிறது. ஸ்காண்டியம் விலை உயர்ந்த தனிமம் என்பது உண்மை. ஆனாலும் சமீபத்தில் நான் மிகவும் மகிழ்ந்து படித்த முடிவு இது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1400 டிகிரி உலை உங்களுக்குத் தாராளமாகப் போதும். ஹெய்லியின் குழு 2005-இலேயே, 15 சதவீதம் இட்ரியம் கலந்த பேரியம் சிர்கோனேட்டில் 4 மோல் சதவீதம் துத்தநாக ஆக்சைடு சேர்த்தால் 1300 டிகிரியிலேயே நன்கு அடர்ந்துவிடும் என்று காட்டியிருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இட்ரியா காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துவைத்திருக்கும். அதை 900 டிகிரியில் சுட்டு, ஆறிய உடனே எடை போடுங்கள். வில்லையைத் தன் தூளுக்குள் புதைத்துச் சுடுங்கள். ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி 95 சதவீதத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்முனை பூசுங்கள்.

அடுத்து மாறுதிசை மின்மறுப்பை, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு வில்லை தரும் தடையைப் பல அதிர்வெண்களில், அளப்பது. ஒருமுறை உலர்ந்த ஆர்கானில்; மறுமுறை 25 டிகிரி நீரில் குமிழவிட்ட ஆர்கானில், அப்போது அதில் சுமார் 3 சதவீதம் நீராவி இருக்கும். குறைந்த வெப்பநிலைகளில் வரைபடத்தில் மணிக்குரிய வளைவும் எல்லைக்குரிய வளைவும் தனித்தனியாகத் தெரியும். மேலே சொன்ன எல்லைத் தடையை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு வெப்பநிலையிலும் எண் நிலைக்கும்வரை பொறுத்திருங்கள். அடர்ந்த வில்லைக்குள் நீர் ஊறி நிற்க நேரம் பிடிக்கும்.

முடிந்தால் சிறிது கனநீர் வாங்கி, அதே வில்லையில் நீருக்குப் பதில் கனநீர் ஆவியைச் செலுத்திப் பாருங்கள். டியூட்டீரியத்தின் நிறை இரு மடங்கு. நகர்வது புரோட்டானாக இருந்தால் கடத்துதிறன் தெளிவாகக் குறையும், எளிய கணக்கில் இரண்டின் வர்க்கமூலம், அதாவது 1.4 மடங்கு வரை. ஆக்சைடு அயனியோ மின்துளையோ கடத்தினால் அப்படிப்பட்ட மாற்றம் வராது. சாதாரண நீருக்குத் திரும்பியதும் கடத்துதிறன் பழைய அளவுக்கு ஏறுகிறதா என்பதையும் பதிவு செய்யுங்கள். ஏறினால்தான் அந்த வீழ்ச்சி வில்லை சிதைந்ததால் வந்ததல்ல என்று தேர்வாளரிடம் காட்ட முடியும்.